அட்மிரலின் மார்பில் உள்ள ரிப்பன்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971-இல் அந்தத் தேதியின் இரவில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அதன் நினைவாக வந்த நாள் இது. ஆண்டுதோறும் அன்றைக்கு வெள்ளைச் சீருடை அணிந்த அட்மிரல்களின் படங்கள் வாட்ஸப்பில் சுற்றும். கூடவே ஒரு கணக்கும் வரும்: இத்தனை வரிசைப் பதக்கம், அதனால் இத்தனை போர்க்களம், இத்தனை வீரம். பெருமையோடு சொல்வதுதான். ஆனால் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற பதக்கத்தையும், பணியில் ஒன்பது ஆண்டு முடித்ததற்குக் கிடைத்த பதக்கத்தையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால், முதலாவதைப் பெற்றவருக்கு அது அநீதி. ஊர்த் திருவிழா மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் இந்தத் தவறு தொடர்ந்து நடக்கிறது. ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

"எத்தனை பதக்கமோ, அத்தனை வீரச்செயல்"

இல்லை. ஒரு மூத்த அதிகாரியின் மார்பில் உள்ளவற்றில் பெரும்பாலானவை பணிப்பதக்கங்கள். 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு என நீண்ட பணிக்காக மூன்று பதக்கங்கள் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளி விழாப் பதக்கம் கிடைத்தது. 1997-இல் இருந்தவர்களுக்குப் பொன்விழாப் பதக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்ற ஒருவர், தனியாக எந்தச் செயலும் செய்யாமலே இந்த ஐந்தையும் அணிந்திருப்பார்.

அதற்காக இவற்றுக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் எங்கெங்கே பணியாற்றினார் என்பதை இவை சொல்லிவிடும். 1971 போரின்போது பணியில் இருந்தவர்களுக்குச் சங்கிராம் பதக்கம். கிழக்குக் களத்தில் நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக் களத்தில் நின்றவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். வெளிநாட்டில் பணியாற்றியவருக்கு விதேஷ் சேவா பதக்கம். அந்தமான் நிக்கோபார் போன்ற கடினமான இடங்களில் குறிப்பிட்ட காலம் இருந்தவருக்குச் சைன்ய சேவா பதக்கம். அதில் இடத்தின் பெயரைப் பொறித்த சிறு பட்டையும் இருக்கும். தெரிந்தவர் பார்த்தால், அந்த அதிகாரி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர், எந்தக் கடலில் நின்றவர் என்று ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லிவிடுவார்.

"பதவி உயர உயர வீரப்பதக்கமும் உயரும்"

இதுதான் மிகப் பரவலான குழப்பம். இந்த ஒன்றையாவது தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடற்படைத் தளபதிகளாக இருந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அட்மிரல் லட்சுமிநாராயண் ராம்தாஸ். 1990 முதல் 1993 வரை தளபதி. இன்னொருவர் அட்மிரல் அருண் பிரகாஷ். 2004 முதல் 2006 வரை தளபதி. இருவர் பெயருக்குப் பின்னாலும் ஒரே எழுத்துகள், ஒரே வரிசையில்: பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., வி.ஆர்.சி., வி.எஸ்.எம். அதாவது பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, வீர் சக்ரா, விசிஷ்ட சேவா.

நான்கில் மூன்று, சிறப்பான பணிக்குக் கொடுப்பவை. எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்குக் கிடைத்தது வீர் சக்ரா ஒன்றுதான். அதை இருவருமே 1971-இல், அட்மிரல் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வாங்கிவிட்டார்கள். ராம்தாஸ் அப்போது கமாண்டர். வங்கக்கடலில் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துடன் சென்ற கிழக்குக் கடற்படைப் பிரிவில், ஐ.என்.எஸ். பியாஸ் போர்க்கப்பல் அவர் பொறுப்பில் இருந்தது. அருண் பிரகாஷின் கதை இன்னும் வியப்பானது. கடற்படை விமானியான அவர் அந்தச் சமயத்தில் விமானப்படையின் 20-ஆம் ஸ்குவாட்ரனில் மாற்றுப் பணியில் இருந்தார். பதான்கோட்டிலிருந்து ஹண்டர் விமானத்தில் பறந்து பாகிஸ்தான் பகுதிக்குள் தாக்குதல் நடத்தினார். அவருடைய வீர் சக்ராவில் கடல் அலையே இல்லை. ஒரே எழுத்துகள்தான், ஒரே ரிப்பன்தான். ஆனால் ஒன்று கப்பலின் பிரிட்ஜில் கிடைத்தது, மற்றொன்று விமானத்தின் காக்பிட்டில்.

வீரப்பதக்கம் பெரும்பாலும் இளம் வயதில், நடுத்தர ரேங்கில் கிடைப்பது. சேவா பதக்கங்கள் பொறுப்போடு சேர்ந்து வருபவை. பரம் விசிஷ்ட சேவா நடைமுறையில் உச்சப் பதவிகளில் இருப்பவர்களுக்கே கிடைக்கிறது. ஒரு கடற்படைப் பிரிவைப் போருக்குத் தயார்நிலையில் வைத்திருப்பது, கப்பல் கட்டும் திட்டத்தைக் கரை சேர்ப்பது, பேரிடரில் நிவாரணத்தை நடத்துவது எல்லாம் எளிய வேலையா? 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கப்பல்களை அனுப்பிய கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் இதே அருண் பிரகாஷ்தான். இந்த வேலையை மதிக்க வேண்டும். ஆனால் இதை வீரப்பதக்கம் என்று மேடையில் அறிவித்தால் இரண்டுமே மங்கிவிடும்.

இன்னொரு சான்று அட்மிரல் எஸ்.எம். நந்தா. 1971 போரில் கடற்படையையே நடத்தியவர்; கராச்சித் தாக்குதலுக்குத் துணிந்து ஒப்புதல் பெற்றவர். அவருடைய ராணுவ விருதுகள் பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம். அவர் பெயருக்குப் பின் வீரச் சக்கரம் எதுவும் இல்லை. தளபதியின் வேலை வேறு, களத்தில் நிற்பவரின் வேலை வேறு என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது.

"முதலில் இருப்பதுதான் பெரிய வீரம்"

அணியும் வரிசையை அரசு நிர்ணயித்திருக்கிறது. அந்த வரிசையை வீரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பரம்வீர் சக்ராவும் அசோக சக்ராவும் மேலே இருப்பது உண்மை. அதற்குக் கீழே வந்தால் பரம் விசிஷ்ட சேவா பதக்கம் மகாவீர் சக்ராவுக்கு முன்னால் நிற்கும். அதி விசிஷ்ட சேவா பதக்கம் வீர் சக்ராவுக்கு முன்னால் நிற்கும். விக்ராந்தின் ஒரு கொதிகலன் பழுதாகி வேகம் குறைந்திருந்த நிலையிலும் அதைப் போருக்குக் கொண்டுபோன கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ், பிற்காலத்தில் வைஸ் அட்மிரல் ஆனார். அவர் பெயருக்குப் பின் பி.வி.எஸ்.எம்., எம்.வி.சி., ஏ.வி.எஸ்.எம். என்றே எழுதுவார்கள். போரில் சம்பாதித்த மகாவீர் சக்ரா நடுவில் நிற்கிறது. முதல் எழுத்தை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவர்களுக்கு விக்ராந்தே தெரியாமல் போகும்.

நாகர்கோவிலில் பிறந்த அட்மிரல் சுஷில் குமாரின் வரிசையையும் பாருங்கள்: பி.வி.எஸ்.எம்., யு.ஒய்.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., என்.எம். கார்கில் போரின்போது தளபதியாக இருந்தவர் இவர். இரண்டாவதாக இருக்கும் உத்தம் யுத்த சேவா பதக்கம் 1980-இல் ஏற்படுத்திய யுத்த சேவா வரிசையைச் சேர்ந்தது. போர், மோதல் போன்ற காலங்களில் ஆற்றிய சிறந்த பணிக்குக் கொடுப்பது. பெயரில் யுத்தம் இருந்தாலும் இதுவும் பணிக்கான பதக்கமே.

கடைசியில் உள்ள என்.எம்., அதாவது நவ் சேனா பதக்கம், இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. தனிப்பட்ட துணிச்சலுக்கும் கொடுக்கிறார்கள், கடமையில் காட்டிய அசாத்திய ஈடுபாட்டுக்கும் கொடுக்கிறார்கள். நீலத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும் அந்த ரிப்பனை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அரசிதழ் அறிவிப்பைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

"கோடு கூடினால் மதிப்புக் கூடும், வெள்ளி வெண்கலத்தை விட உசத்தி"

இரண்டுமே தலைகீழ். அன்றாடச் சீருடையில் பதக்கம் தொங்காது, ரிப்பன் மட்டும்தான். விசிஷ்ட சேவா பதக்கங்கள் மூன்றுக்கும் ரிப்பன் பொன்மஞ்சள் நிறம். அதில் ஒரே ஒரு கருநீலக் கோடு இருந்தால் பரம் விசிஷ்ட சேவா, இரண்டு இருந்தால் அதி விசிஷ்ட சேவா, மூன்று இருந்தால் விசிஷ்ட சேவா. 1960-இல் இவை வந்தபோது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றுதான் பெயர். இப்போதுள்ள பெயர்கள் 1967-இல் வந்தவை. கோடுகள் அந்த வகுப்பைக் காட்டுகின்றன. இந்த மஞ்சள்களுக்கு நடுவே பாதி கருநீலம், பாதி காவி நிறத்தில் ஒரு ரிப்பன் தெரிந்தால் அது வீர் சக்ரா. பாதி வெள்ளை, பாதி காவி என்றால் மகாவீர் சக்ரா. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியவை இவைதான்.

உலோகமும் அப்படித்தான். மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. எல்லாவற்றுக்கும் மேலான பரம்வீர் சக்ரா வெறும் வெண்கலம். இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள்: தரைப்படையினர் 20 பேர், விமானப்படையில் நிர்மல்ஜித் சிங் செகோன் ஒருவர். கடற்படையில் யாரும் இல்லை. எனவே "பரம்வீர் சக்ரா பெற்ற அட்மிரல்" என்று யாராவது அனுப்பினால் அதை அங்கேயே நிறுத்திவிடலாம்; பரம் விசிஷ்டத்தைப் பரம்வீராக யாரோ படித்திருக்கிறார்கள்.

"ஜெயித்தவருக்குத்தான் விருது, அதுவும் அதிகாரிகளுக்குத்தான்"

1971 டிசம்பர் 9 இரவு, டையூ கடற்பகுதியில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பலை ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பீடோவால் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டு, முடிந்தவரை ஆட்களை வெளியேற்றி, தான் கப்பலோடே போனார். கப்பலை இழந்த அந்தக் கேப்டனுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போரில் அந்த மோதலை யார் வென்றார்கள் என்பதற்கும் விருதுக்கும் சம்பந்தமில்லை.

அந்தப் போரில் கடற்படையினர் எட்டுப் பேர் மகாவீர் சக்ரா பெற்றார்கள். அவர்களில் மதுரையில் பிறந்தவர் ஒருவர், கமாண்டர் கே.பி. கோபால் ராவ். டிசம்பர் 4 கராச்சித் தாக்குதலில் ஐ.என்.எஸ். கில்டான் கப்பலிலிருந்து வழிநடத்தியவர். கமடோராகவே ஓய்வு பெற்று, சென்னையில் வாழ்ந்து 2021-இல் மறைந்தார். அவர் அட்மிரல் ஆகவில்லை. அவர் பெயருக்குப் பின் எம்.வி.சி., வி.எஸ்.எம். என்று இரண்டே இரண்டுதான். எண்ணிக்கை பார்த்து மரியாதை செய்கிற மேடையில் அவருக்கு எந்த வரிசையில் நாற்காலி கிடைத்திருக்கும்?

எட்டாமவர் அதிகாரியே இல்லை. லீடிங் சீமேன் சிமன் சிங், முக்குளிப்பு வீரர். கிழக்கில் மங்களா, குல்னா துறைமுகங்களை நோக்கிப் போன சிறு படகுகளில் ஒன்றில் இருந்தார். டிசம்பர் 10 அன்று வான்தாக்குதலில் படகு மூழ்கியது. உடம்பில் குண்டுத் துண்டுகள் பாய்ந்திருந்தன. அந்த நிலையிலும் தண்ணீரில் தத்தளித்த இருவரைக் கரைக்கு இழுத்து வந்தார். கரையில் எதிரிகள் சுட்டபோது, கூட வந்த இருவரும் தப்பிக்கட்டும் என்று தானே வெளிப்பட்டு அவர்களை நோக்கி ஓடினார். பிடிபட்டார். வங்கதேசம் விடுதலையான பின் விடுவிக்கப்பட்டார். முல்லாவுக்கும் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் கொடுத்த அதே மகாவீர் சக்ராதான் அவருக்கும். வீரப்பதக்கத்தில் ரேங்க் பார்ப்பதில்லை. பரம் விசிஷ்ட சேவாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எதிரியே இல்லாமலும் வீரப்பதக்கம் உண்டு. அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா மூன்றும் அதற்கானவை. 2009–10-இல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிய திலீப் தோண்டேவுக்குச் சௌர்ய சக்ரா. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றி 2013-இல் திரும்பிய அபிலாஷ் டோமிக்குக் கீர்த்தி சக்ரா.

"பதக்கம் என்றால் பணம்"

வீரப்பதக்கங்களுக்கு மட்டும் மாதப் படி உண்டு. 2017-இல் இரட்டிப்பாக்கிய விகிதப்படி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000. சேவா பதக்கங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

"பெயருக்குப் பின் எழுத்துப் போடுவது பந்தா"

அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு, ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் அல்லாத பட்டம் எதையும் அரசு வழங்கக்கூடாது என்கிறது. ராணுவ விருதுகளுக்கு அங்கேயே விலக்கு இருப்பதால் அந்த எழுத்துகளை முறைப்படி எழுதலாம். பத்ம விருதுகளின் நிலை வேறு. அவை பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நந்தாவுக்குப் பத்ம விபூஷணும் உண்டு, ஆனால் அழைப்பிதழில் "பத்ம விபூஷண் நந்தா" என்று அச்சிடுவது முறையல்ல, "அட்மிரல் எஸ்.எம். நந்தா, பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்." என்பதே முறை. நம் ஊர் அழைப்பிதழ்களில் பெரும்பாலும் இது மாறித்தான் வருகிறது. ஓய்வு பெற்ற கடற்படையினரை விழாவுக்கு அழைக்கும்போது, அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அந்த எழுத்துகளை அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வி.ஆர்.சி.யோ எம்.வி.சி.யோ இருந்தால் எந்தக் கப்பல், எந்த இரவு என்று கேட்டு, அந்தச் சம்பவத்தையே மேடையில் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.