மலையோட்டமும் தண்ணீர்ப் பந்தலும்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதை யாவரும் அறிவோம். அதனினும் மிக்க தூரத்தைக் காட்டு வழியிலும் மலை வழியிலும் ஓடிக் கடப்போரும் உளர். 1974ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் நிகழ்ந்த நூறு மைல் குதிரைப் போட்டியில், கோர்டி எயின்ஸ்லி என்பார் குதிரையின்றித் தம் காலாலே ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் எல்லையை அடைந்தார்.

நம் பேராதனைக்கு மேலே நிமிர்ந்து நிற்பது ஹந்தானை மலை. அங்குத் தொடங்கும் பீக்கோ வழி கலகா, அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களைத் தொட்டு, 300 கிலோமீற்றருக்கு மேற்சென்று நுவரெலியாவில் முடிகின்றது. கொழுந்துக் கூடை சுமந்தோர் நடந்து தேய்ந்த பாதைகள் இவை; விரும்பி ஓடுவோர் அதனை மறத்தலாகாது.

இத்தகைய வழிகளில் ஓடுவோர்க்குத் துணைநிற்கும் நாம் பெரிதும் பிழைபடுவது தண்ணீர் கொடுப்பதிலேதான். தாகத்துக்கு மிஞ்சிப் பருகின், குருதியிற் சோடியம் குறைந்து மூளை வீங்கும். உயிருக்கே இறுதி நேரும். 2002இல் பொஸ்டன் மரதனில் ஓடியோருள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினரிடம் இக்குறை காணப்பட்டது! ஆதலின் ஒருவர் தலைவலி, குமட்டல், மனத்தடுமாற்றம் உற்று வரின், மேலும் நீரைப் புகட்டாது உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும். உப்பும் கைவசம் இருத்தல் நன்று; ஹந்தானையில் அட்டைக்கும் அதுவே மருந்து.

மூடுபனி இறங்கினும், கடைசியாக வருபவரின் இலக்கத்தை ஏட்டிற் குறித்த பின்னரே பந்தலைப் பிரித்தல் வேண்டும்.