துருவேறிய காலிப்பருக்கு வர்ணம்

கேள்வி: என் காரின் முன்சக்கரக் காலிப்பர்கள் துருவேறிக் கிடக்கின்றன. வீட்டிலேயே சுத்தம் செய்து வர்ணம் பூசலாமா?

பதில்: தாராளமாகப் பூசலாம்; ஆனால் இவ்வேலையின் சிரமம் வர்ணத்தில் அன்று, அதற்கு முந்திய சுத்தத்திலேயே அடங்கியிருக்கிறது. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டுகளின்மேல் ஸ்திரமாக இருத்திச் சக்கரத்தைக் கழற்றியபின், பிரேக் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் (பழைய வண்டிகளின் பேடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அது சுவாசகோசங்களுக்குப் பரம விரோதி) பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீக்குங்கள். பிரேக் ஆயில் சிறிது எஞ்சினாலும் வர்ணம் உரிந்துவிடும். பிறகு டிஸ்க், பேட், பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் உறை, காற்று நீக்கும் நிப்பிள் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்து, சாதாரண எனாமலை விலக்கி, உஷ்ணம் தாங்கும் காலிப்பர் பெயிண்டையே, டப்பாவில் குறித்துள்ள இடைவெளிவிட்டு, மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். பேட் நகரும் தடங்களிலும் ஸ்லைடு பின்களிலும் வர்ணம் படிந்தால் பேட் சிக்கி, பிரேக் ஓயாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இதில் அலக்ஷியம் கூடவே கூடாது. காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தாங்குங்கள். திரும்பப் பொருத்தியதும், வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டிப்படும்வரை மிதித்துப் பாருங்கள்.