சிறு தீவுகளின் கணக்கும் நம் கிராமக் கணக்கும்

நமது சிவகங்கை மாவட்டத்தின் ஜனத்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 13 லட்சத்து 39 ஆயிரம். இந்து மகாசமுத்திரத்திலுள்ள மொரிஷியஸ் ஒரு தனி நாடு; 2022-ஆம் ஆண்டில் அங்கு எண்ணப்பட்டவர்கள் 12 லட்சத்துச் சொச்சமே. அதே ஆண்டில் மாலத்தீவில் எண்ணப்பட்டவர்கள் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். நம் மாவட்டத்தினும் சிறிய இந்நாடுகள், பிறப்பு, இறப்பு, விலைவாசி, உற்பத்தி, தொழில் ஆகிய அனைத்திற்கும் பெரிய நாடுகளைப் போலவே கணக்கு வைத்தாக வேண்டியிருக்கின்றன. அவற்றின் கணக்கு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், நம் கிராமங்களுக்கும் பயனுள்ள பாடம் கிடைக்கும்.

ஒப்பிடுவதற்கு அளவுகோல் யாது? உலக வங்கி 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை ஐந்து கேள்விகளைக் கேட்கிறது. கணக்கு பயன்படுத்தப்படுகிறதா? வேண்டுவோர்க்கு எளிதில் கிடைக்கிறதா? தேவையான விவரங்கள் வெளிவருகின்றனவா? அவற்றைத் திரட்டுவதற்கு உரிய மூலங்கள் உள்ளனவா? சட்டம், ஆட்கள், பணம் என்னும் அடித்தளம் உறுதியாக உள்ளதா?

சற்றுப் பெரிய தீவாகிய இலங்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கு முதல் குடிக்கணக்கு 1871-இலேயே எடுக்கப்பட்டது. அவ்வளவு நீண்ட அனுபவமிருந்தும், 2001-இல் போரின் காரணமாக 25 மாவட்டங்களுள் 18-இல் மட்டுமே கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. 1981-க்குப் பின் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012-இல்தான். கணக்கெடுப்போர் கால் பதியாத இடத்தைப்பற்றி எந்த அட்டவணையும் உண்மை பேசாது. மாலத்தீவிலோ இடையூறு வேறு. மக்கள் பல தீவுகளில் சிதறி வாழ்வதால், சிலரைக் காண்பதற்கும் கடல் கடந்து செல்ல வேண்டும்.

சிறு நாடுகளுக்கு மற்றொரு சுமையும் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு சீராக வெந்திருந்தால், சிறு பானையாயினும் பெரிய அண்டாவாயினும் எடுத்துப் பார்க்க வேண்டிய அளவு ஒன்றே. மாதிரிக் கணக்கெடுப்பும் அவ்வாறே. குலுக்கல் முறையில் தேர்ந்த ஆயிரம் பேரை விசாரித்தால், மொத்த ஜனத்தொகை 5 லட்சமாயினும் 5 கோடியாயினும், விடையில் எதிர்பார்க்கக்கூடிய பிழை ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றுதான். ஆகவே சிறு நாடு சிறு மாதிரியோடு தப்பிக்க முடியாது. ஒவ்வொரு குடிக்கும் அதன் கணக்குச் செலவு மிகுதியாகிறது.

இனி நம் காளையார்கோவில் வட்டாரத்துக்கு வருவோம். இங்கும் இதே நியதிதான். மாவட்டம் முழுவதற்கும் எடுத்த மாதிரி, ஒரு தனிக் கிராமத்தின் நிலையைச் சொல்லாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிப்படி, ஒரு கிராமத்தின் முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு அறுவடைப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. 2023 முதல் நெல்லுக்குச் செயற்கைக்கோள் மதிப்பீடும் சேர்த்துக்கொள்ளப்படினும், வயலில் அறுத்து நிறுத்த எடைக்கே இன்றும் பெருமதிப்பு. கண்மாய் நிரம்பாது கதிர் பதராகிப்போன ஆண்டில், ஊராருக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் இந்த நான்கு துண்டு நிலங்களைப் பொறுத்ததாகும்.

குலுக்கலில் வந்த வயல் தொலைவில் இருக்கிறதென்று, சாலையோரத்துச் செழிப்பான வயலில் அறுத்தால் என்னவாகும்? சராசரி மகசூல் உயர்ந்துவிடும். உண்மையில் நஷ்டமடைந்த ஏழை விவசாயிக்கு ஒன்றும் கிடைக்காது. அடங்கலில் தரிசு என்று தவறாக எழுதப்பட்ட விளைநிலமோ பரிசோதனைக்கே வராமற் போகும். ஒருவர் கை எழுதிய பிழைக்கு ஊரே அபராதம் செலுத்தும்.

ஆதலால் கிராம மக்களுக்கு நாம் சொல்வது இதுவே. உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே அடங்கலில் எழுதப்பட்டுள்ள பயிர் சரிதானா என்று பாருங்கள். அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் அருகிருந்து, எந்த வயல், எத்தனை கிலோ என்று கவனியுங்கள். ஐயம் இருப்பின் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கணக்கெழுதும் உத்தியோகஸ்தரும் அக்கேள்வியைக் குறையாகக் கருதாமல் துணையாகக் கொள்ள வேண்டும். கடல் சூழ்ந்த சிறு நாடாயினும், கண்மாய் சூழ்ந்த சிற்றூராயினும், மக்கள் சரிபார்க்கும் கணக்கே தரமான கணக்கு.