எழுத்துக்கு எவ்வளவு உயரம்?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர், இயற்பியல்)

வரைகலை என்றதும் நம்மில் பலர்க்குக் கணிப்பொறியும், விலையுயர்ந்த மென்பொருளும், நகரத்துப் பயிற்சி நிலையமுமே நினைவுக்கு வருகின்றன. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அக்கலையின் அரிச்சுவடியை நான் கற்றது நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில்! அங்கே போக நேர்ந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் முதியோர்க்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அறிவிப்புத் தாள் தயாரிக்கும் பொறுப்பை ஊர் இளைஞர்கள் என்னிடம் விட்டனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் திறமையை ஊரார்க்குக் காட்ட இதுவே தருணம் என்று எண்ணினேன். கைப்பேசியை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை உழைத்தேன். வானநீலப் பின்னணி, நடுவில் பெரியதொரு கண், அதன்மேல் மஞ்சள் எழுத்து, ஐந்து வகை எழுத்துரு, நான்கு ஓரங்களிலும் பூங்கொடி. நாளும் நேரமும் கீழே இடது மூலையில், ஏனெனில் வேறெங்கும் இடமில்லை! மறுநாள் கறுப்பு வெள்ளையில் அறுபது நகல் எடுத்து நியாய விலைக் கடை, பால் சங்கம், கோயில் மதில் எங்கும் ஒட்டினோம்.

முகாமுக்கு வந்த முதியோர் பதினோரு பேர். மருத்துவக் குழுவினர் மதியத்திற்கு முன்பே மேசைகளை மடக்கிவிட்டனர். புரை முற்றிய எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வரவேயில்லை. கேட்டதற்கு, அந்தத் தாளை ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

என் தாயார் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். மீந்த தாள் ஒன்றை அன்று மாலை விளக்கடியில் நீட்டிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, “ஏஞ் சாமி, என்னைக்குன்னு இதுல எங்க போட்டிருக்குது?” என்று கேட்டார். கண் மங்கியவர்களை அழைப்பதற்கு, கண் நன்றாகத் தெரிபவர்க்கே புலப்படாத தாளை அல்லவா ஒட்டியிருக்கிறேன்!

பட்டறையில் கற்ற பாடம்

நாமக்கல் லாரிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை நம் மாவட்டத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் என்றால், இங்கே பாடி கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர்களும். லாரி ஓட்டுநரான என் தாய்மாமன், எஃப்.சி. வேலைக்கு வண்டியை விட்டிருந்த பட்டறைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே பெயிண்டர் அண்ணன் ஒருவர் வண்டியின் பின்பலகையில் ‘ஒலி எழுப்புக’ என்று எழுதிக்கொண்டிருந்தார். என் தாளைக் காட்டி, “ஏனுங்ண்ணா, இதுல என்னங்க தப்பு?” என்றேன். பிரஷைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

“தம்பி, முன்னாடி போற வண்டியப் பின்னாடி வர்றவன் எத்தனை நேரம் பார்ப்பான்? ரெண்டு மூச்சு நேரம். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணத்தான் படிப்பான். அது எதுன்னு நாமதான் முடிவு பண்ணோணும். நீ எல்லாத்தையும் பெருசா சொல்லப் பார்த்திருக்கற.”

வரைகலை நூல்கள் ‘படிநிலை’ என்று தலைப்பிட்டுப் பல பக்கங்களில் கூறுவது இதுதான் என்று பின்னர் அறிந்தேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. தமிழுக்கு அது கிடையாது. ஆகவே அளவு, தடிப்பு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய நான்கைக் கொண்டே நாம் முதன்மையைக் காட்ட வேண்டும். ஐந்து எழுத்துருவைக் கலந்தால் எதற்கும் முதன்மை இல்லாமற் போகிறது.

அடுத்து இடைவெளி. அவர் நூல் பிடித்து மேலும் கீழும் கோடு போட்டாரே தவிர, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அளவுகோல் வைக்கவில்லை. ‘ஞ’, ‘ண’ அகன்றவை. ‘ர’வும் காலும் ஒடுங்கியவை. எல்லாவற்றிற்கும் ஒரே இடைவெளி விட்டால் சில எழுத்துகள் ஒட்டியும் சில விலகியும் தோன்றும். ஆகவே அதைக் கண்ணால்தான் அளக்க வேண்டுமாம். ‘ர’வின் அடியில் சாய்கோட்டைத் தெளிவாக இழுக்காவிட்டால் அது காலாகிவிடும், ‘கரம்’ ‘காம்’ ஆகும். வரிகளுக்கிடையிலும் அப்படியே. ‘கீ’ மேலே சுழல்கிறது, ‘கூ’ கீழே இறங்குகிறது. ஆங்கில வரிகளை நெருக்குவது போல் நம் வரிகளை நெருக்கினால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். என் தாளில் இடித்திருந்தது.

அவருடைய குரு பழைய ‘னை’யைத் தும்பிக்கையோடுதான் கடைசிவரை எழுதினாராம். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஆணையிட்டபோது 13 எழுத்துகள் உருமாறின. ‘ணை, லை, ளை, னை’ தும்பிக்கையை இழந்தன. ‘ணா, றா, னா’ முதலியன தனிக் கால் பெற்றன. அச்சுக் கோப்பவர்க்கும் தட்டச்சு செய்பவர்க்கும் அது பெரும் எளிமை. “பலகைல எழுதறவனுக்கு மட்டும் எடம் சேத்தி வேணும்” என்று சிரித்தார் அண்ணன்.

கணக்கு என்ன சொல்கிறது?

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்கிறோம். எவ்வளவு பெரிதாக? இங்கே என் பாடமான இயற்பியல் கைகொடுத்தது. 1862-இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் வெளியிட்ட எழுத்து அட்டைதான் இன்றைய கண் பரிசோதனை அட்டைகளுக்கெல்லாம் முன்னோடி. இயல்பான கண், 5 கலை அளவுள்ள கோணத்தை அடைக்கும் எழுத்தைப் படித்துவிடும் என்பது அதன் அடிப்படை. ஒரு பாகையில் 60 கலைகள். அந்த எழுத்தின் கோடு அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்புடையது. 5 கலையின் டான்ஜென்ட் மதிப்பு ஏறத்தாழ 0.00145. ஆகவே தொலைவை அதனால் பெருக்கினால் எழுத்தின் உயரம் கிடைக்கும். 6 மீட்டருக்கு 8.7 மில்லிமீட்டர், 3 மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர்.

என் தாளில் நாளைக் குறித்த எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டர். நியாய விலைக் கடை வரிசையில் 3 மீட்டர் தள்ளி நிற்கும் நல்ல கண்ணுக்கே அது எல்லைக்கோடு. 6/60 பார்வை என்றால், மற்றவர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டருக்கு வந்துதான் காண முடியும் என்று பொருள். அவர்க்குப் பத்து மடங்கு, அதாவது 44 மில்லிமீட்டர் வேண்டும்! நம் எழுத்துகளில் வளைவு மிகுதி. ஆதலால் இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்வதே நலம்.

இதே கணக்கை வண்டி எண் பலகைக்குப் போட்டுப் பார்த்தேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், லாரி போன்ற வண்டிகளின் பதிவெண்ணுக்கு 65 மில்லிமீட்டர் உயரமும், 10 மில்லிமீட்டர் தடிப்பும், 10 மில்லிமீட்டர் இடைவெளியும் விதித்துள்ளன. 65-ஐ 0.00145-ஆல் வகுத்தால் சுமார் 45 மீட்டர் தொலைவு வருகிறது. எரிவாயு டேங்கர்களுக்கு அதே விதிகள் இன்னும் கடுமை காட்டுகின்றன. சரக்கின் பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயரத்திலும், அதற்குரிய ஐக்கிய நாடுகள் வகை எண் 100 மில்லிமீட்டர் உயரத்திலும், அபாயச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்திலும் இருக்க வேண்டும். சிவப்புச் சாய்சதுரத்தில் தீப்பிழம்பு வரைந்த அச்சின்னத்தை நெடுஞ்சாலையில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். டேங்கர் கவிழ்ந்து கிடக்கும்போது தீயணைப்பு வீரர் அருகே போய்ப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? எண் பெரிது, பெயர் அதற்கடுத்தது என்ற இந்த வரிசையில் அழகுக்கென்று எதுவும் இல்லை. ஆனாலும் நான் கண்ட வரைகலைகளுள் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது.

நிறம் பற்றியும் ஒரு சொல். கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மையோ வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியைக் கழிக்கிறது. சிவகாசிக் காலண்டர்கள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அச்சாகின்றன. திரையில் ஒளிர்ந்தது தாளில் மங்குவதற்கு அதுவே காரணம். என் வழக்கில் மைகூட இல்லை, வெறும் கறுப்பு வெள்ளை நகல்! மஞ்சளும் வானநீலமும் நிறத்தால்தான் வேறு; வெளிச்சத்தால் நெருங்கியவை. நகலில் இரண்டும் ஒரே சாம்பலாயின. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பெயிண்டர் அண்ணன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பலகையைப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இதெல்லாம் பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்ட நம் ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டவர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர்.

இவ்வாண்டு தை மாதம் முகாம் மீண்டும் வந்தது. இம்முறை வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஒரே எழுத்துரு, நான்கே வரிகள். ‘ஞாயிறு’ என்ற சொல்லை 45 மில்லிமீட்டர் உயரத்தில் அமைத்தபோது அது சாதாரணத் தாளின் அகலத்திற்குள் அடங்க மறுத்தது. ஆகவே இரண்டு மடங்கு பெரிய தாள் வாங்கினேன். கண் படத்தை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லைதான். எடுத்துவிட்டேன். முப்பத்தெட்டு பேர் வந்தனர். பால் சங்கத்து ஒலிபெருக்கியிலும் அறிவித்திருந்தோம். ஆகவே தாளுக்கு எத்தனை பங்கு என்று சொல்ல முடியாது. தெருப் பாட்டி வந்திருந்தார்.

ஒட்டுவதற்கு முன்பு முதல் தாளைத் திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்து, அம்மாவை வாசலில் நிற்கச் சொன்னேன். ‘ஞா… யி… று’ என்று கூட்டிப் படித்தார். நேரத்தையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் படித்தார். பிறகு, “பக்கத்து ஊருக்காரங்க எந்த பஸ்ஸுல வர்றதுன்னு போடலையே, சாமி?” என்றார். அன்றிரவு எல்லாத் தாள்களிலும் பேருந்து எண்ணை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சேர்த்தோம்.