150 மீட்டருக்கு ஒயர் இழுத்தால் டேட்டா போகுமா?

கிணற்றடி மோட்டார் ரூமில் ஒரு ஆர்டுயினோ ஊனோ, 150 மீட்டர் தள்ளி வீட்டில் இன்னொன்று. டிஎக்ஸ், ஆர்எக்ஸ் பின்களை ஒயரில் நேரடியாக இணைத்தேன். மோட்டார் ஓடினாலே கண்டபடி எழுத்துகள் வருகின்றன. போர்டு போய்விட்டதா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, கவலையை விடுங்கள். அந்தப் பின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் போர்டுகளுக்கானவை. உங்களுக்குத் தேவை ஆர்எஸ்-485. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். இரண்டு ஒயருக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தை மட்டுமே அது பார்க்கிறது. மோட்டார் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால் அடிபட்டுப்போகும். அதனால்தான் முறுக்கிய ஜோடி ஒயர் அவசியம். லேன் கேபிளே போதும்.

இரு முனையிலும் ஒரு மேக்ஸ்485 மாட்யூல் வையுங்கள். டிஐ டிஎக்ஸுக்கு, ஆர்ஓ ஆர்எக்ஸுக்கு. புரோகிராம் ஏற்றும்போது மட்டும் ஆர்ஓ ஒயரைக் கழற்றிவிடுங்கள். டிஇ, ஆர்இ இரண்டையும் சேர்த்து 2-ஆம் பின்னில் கொடுங்கள்: அனுப்பும்போது ஹை, கேட்கும்போது லோ. பலரும் சறுக்குவது இங்கேதான். கடைசி எழுத்து வெளியேறும் முன்பே லோ ஆக்கினால் செய்தியின் வால் அறுந்துவிடும். ஃப்ளஷ் கட்டளை கொடுத்த பிறகே லோ ஆக்குங்கள்.

ஏ-க்கு ஏ, பி-க்கு பி. கிரவுண்டையும் இன்னொரு ஒயரில் இணையுங்கள். இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். பல மாட்யூல்களில் அது ஏற்கெனவே இருக்கும். 9600 பாட் வேகம் உங்களுக்குத் தாராளம்.

பின்னாளில் இஎஸ்பி32-க்கு மாறினால் 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 வாங்குங்கள்.