நான்கு கூற்று மருந்தும் தீப்புண் மருத்துவமும்

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள் (950), மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. ஒரு புதிய மருந்தை உருவாக்கும்போது, அதனோடு தொடர்புடைய எல்லாத் தரப்பினரையும் தொடக்கத்திலேயே கலந்துகொள்ள வேண்டும் என்று இன்றைய மருத்துவ உலகம் வற்புறுத்துகிறது. புதுமையாகத் தோன்றும் இக்கொள்கையின் வேர் நம் குறளிலேயே இருக்கிறது. தீப்புண் மருத்துவத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த சில ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, அந்த நான்கு கூறுகளும் அவற்றில் எங்ஙனம் இடம்பெற்றன, எவை விடுபட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீப்புண்ணும் மதுரை வட்டாரமும்

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இத்துன்பத்தை நன்கறிந்தவை. தெற்கே சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் பட்டாசும் தீப்பெட்டியும் பல்லாயிரவர்க்குப் பிழைப்பாக உள்ளன. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் காயமுற்றோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டனர். இத்தகைய பெருவிபத்துகள் செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. அடுப்படியில் சேலை பற்றிக்கொள்வதும், கொதிக்கும் குழம்பு குழந்தைமேல் கவிழ்வதும் செய்தியாவதில்லை. ஆனால் அவையும் அதே படுக்கைகளையே நிரப்புகின்றன.

தீப்புண் ஏனைய புண்களினும் கொடியது. தோல் என்பது உடலின் மதில். அம்மதில் இடிந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது; வெளியிலிருக்கும் கிருமி உட்புகுகிறது. எனவே புண்ணை மூடுவது மருத்துவத்தின் முதற்கடமையாகிறது. எதனால் மூடுவது என்பதே நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டு வரும் வினா.

மருந்து என்னும் கூறு

நல்ல மருந்துக்குரிய இயல்புகளுள் எளிதில் கிடைத்தலையும் ஒன்றாகப் பரிமேலழகர் தம் உரையில் வைத்துள்ளார். இந்திய மருத்துவர் சிலர் இவ்வியல்பையே முதன்மையாகக் கொண்டு ஆராய்ந்தனர்.

பம்பாயில் குழந்தைகளின் தீக்காயங்களுக்கு மருத்துவம் செய்துவந்த டாக்டர் கேசுவானி, 1985-இல் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியில் பதித்துப் புண்ணுக்கு மேலாடையாக்கும் முறையை வெளியிட்டார். கிழங்குத் தோல் ஈரத்தைக் காக்கும், புண்ணில் ஒட்டாது. ஆயினும் அதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. பின்னர் 2003-இல் பம்பாய் மருத்துவர் மாதுரி கோரேயும் அவர்தம் உடனாய்வாளரும் வாழையிலையைத் தூய்மையாக்கிப் புண்மேல் இட்டு ஆராய்ந்தனர். உருளைத் தோலுக்கு நிகரான பயனை வாழையிலை தந்தது; ஆனால் செய்வதற்கு அதனினும் எளிது, விலையும் அதனினும் குறைவு என்று கண்டனர். விருந்துக்கு இலை விரிக்கும் நம் வையைக் கரை மக்களுக்கு இச்செய்தி வியப்பும் உவகையும் தருவதாகும்.

தேனைப் பற்றிய ஆய்வு இவற்றினும் நமக்கு நெருக்கமானது. தேனில் மனிதர்க்கு நோய்தீர்க்கும் தன்மை உண்டெனத் திருக்குர்ஆன் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் கூறுவதை யாவரும் அறிவர். மகாராட்டிரத்துச் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் எம். சுப்பிரமணியம் 104 நோயாளிகளை இரு சமபிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தேனையும், மறுபிரிவினர்க்கு அக்காலத்தில் எங்கும் வழங்கிய வெள்ளிச் சல்ஃபாடையசீன் களிம்பையும் இட்டு ஒப்பிட்டு, 1991-இல் முடிவை வெளியிட்டார். ஏழு நாள்களுக்குள் தேன் இட்டவர்களுள் 91 விழுக்காட்டினரின் புண்கள் கிருமியற்றிருந்தன. களிம்பு இட்டவர்களுள் 7 விழுக்காட்டினரின் புண்களே அந்நிலையை எய்தின.

அம்மருத்துவர் அத்துடன் நின்றுவிடவில்லை. 1999-இல் மற்றோர் ஆய்வில், நடுத்தரத் தீக்காயங்களில் இறந்த தோலை முன்னதாகவே சீவியெடுத்து ஒட்டுத்தோல் வைக்கும் அறுவை முறை, தேனினும் மேலானது என்று அவரே எழுதினார். தாம் போற்றிய மருந்தின் எல்லையைத் தாமே அளந்து சொன்ன அந்நேர்மை போற்றத்தக்கது. 2015-இல் உலக ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பீடு, ஆழம் குறைந்த தீப்புண்களைத் தேன், வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்னதாக ஆற்றுகிறது என்று கண்டது. ஆயினும் கடைத் தேனை அப்படியே புண்ணில் இடுதல் கூடாது. அதில் நுண்ணுயிர் வித்துகள் இருக்கக்கூடும். மருத்துவத் தேன் கதிர்வீச்சால் தூய்மையாக்கப்படுவது.

நம்பிக்கை ஆய்வைத் தடுக்கவில்லை, ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. இப்னு சீனா (980-1037) தம் 'அல்-கானூன்' என்னும் நூலில் மருந்தைச் சோதிக்கும் நெறிகளை வகுத்தபோது, விலங்கில் கண்ட பயன் மனிதனிடத்தும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளலாகாது, மனித உடலிலேயே சோதித்தறிதல் வேண்டும் என்றார். மனிதனிடம் சோதிக்கலாம் என்றவுடன் அம்மனிதனைக் கேட்டல் வேண்டும் என்னும் கடமையும் உடன் பிறக்கிறது.

உழைச்செல்வான் என்னும் கூறு

அருகிருந்து மருந்தைச் செய்பவனை வள்ளுவர் தனிக்கூறாக வைத்தார். நோயாளியிடம் அன்பும், சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மையும் அவனுக்கு வேண்டும் என்பார் பரிமேலழகர். தீப்புண் பிரிவில் இவ்விடத்தில் நிற்பவர் செவிலியர். வீடு திரும்பியபின் நிற்பவர் தாயோ, மனைவியோ, மகளோ ஆவர். ஒரு கட்டினை மாற்ற எவ்வளவு நேரமாகும், ஒருவரால் மாற்ற இயலுமா, அவிழ்க்கும்போது புதுத்தோல் பிய்கிறதா, வீட்டில் அதற்கான தூய நீர் உண்டா ஆகிய வினாக்களுக்கு ஆய்வுக்கூடம் விடை கூறாது. இவர்கள்தாம் கூறவல்லர். மருந்து ஆயத்தமான பிறகு இவர்களுக்குப் பயிற்சி அளிப்பது எளிது. மருந்து உருவாகும்போதே இவர்களின் கருத்தைக் கேட்பதே பயனுடையது.

விபத்து நேர்ந்த முதற்கணத்தில் செயற்படுபவரும் இவரே. நம் வீடுகளில் இன்றும் தீப்புண்ணில் மையையும் இட்லி மாவையும் பற்பசையையும் தடவுகின்றனர். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. இதனை வீட்டார் அறியாதவரை எந்தப் புதிய மருந்தும் அரைப்பயனே தரும்.

உற்றவன் என்னும் கூறு

நோயாளிக்குரிய இயல்புகளுள் தன் நோய்நிலையை எடுத்துரைத்தலை ஒன்றாகப் பரிமேலழகர் குறிக்கிறார். உரைப்பதற்கு ஒருவன் கடமைப்பட்டிருந்தால், கேட்பதற்கு மற்றொருவன் கடமைப்பட்டிருக்கிறான் அன்றோ? வாழையிலை ஆய்வில் நோயாளிகள் உணர்ந்த வலியும் இதமும் பயனை அளக்கும் கோல்களாயின. இது சிறிய செய்தி அன்று. நோயாளியின் சொல் அங்கே சான்றாகிறது.

புண் மூடிய நாளே மருத்துவர்க்குக் குணமான நாள். நோயாளிக்கோ அன்றுதான் வேறொரு துன்பம் தொடங்குகிறது. தழும்பு இறுகும், நமைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும். மல்லிகைச் சரம் தொடுக்கும் பெண்ணுக்கு விரல் மடங்குவதே குணம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடுபவர்க்கும் அஃதே. தொழுகையாளிக்கு முழங்கால் மடங்கி ஸுஜூது செய்ய இயல்வது குணம். கட்டுப்போட்ட கையோடு ஒளூ எங்ஙனம் செய்வது என்னும் கவலையால் கட்டினை அவிழ்ப்பவரும் உண்டு. கட்டின்மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ள மார்க்கச் சட்டம் இடமளிக்கிறது என்று ஓர் ஆலிம் எடுத்துரைத்தால் அக்கவலை நீங்கும், புண்ணும் காக்கப்படும். எதனைக் குணம் என்று அளப்பது என்பதை நோயாளியைக் கேளாமல் முடிவு செய்யும் ஆய்வு, தன் அளவுகோலையே தவறவிடுகிறது.

கேட்கும் முறையும் கருதத்தக்கது. தீக்காயமுற்ற பெண்களுட் சிலர் வீட்டுக் கொடுமைக்கு ஆளானவர். கணவனும் மாமியாரும் சூழ நிற்கையில் அவர் மனம் திறவார். அவரைத் தனியே, ஒரு பெண்ணே கேட்டல் வேண்டும். கடும்வலியில் இருப்பவரிடம் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது.

சமுதாயம்: ஐந்தாம் கூறு

வள்ளுவர் கூறிய நான்குடன் சமுதாயத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்தெண்ண இக்காலம் வேண்டுகிறது. 1948-இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கால்நடைத் தோலிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தைப் புண்மூடும் மென்படலமாக்கும் ஆய்விலும் ஈடுபட்டது. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழிலில் தலைமுறைகளாக நிற்கும் நம் சமுதாயத்தார்க்கு இது பெருமை தரும் செய்தி. அதே வேளையில் இப்படலம் எவ்விலங்கினது என்னும் வினா எழும். இந்து அன்பர் ஒருவர்க்கு மாடு என்பதில் தயக்கம் இருக்கலாம். முஸ்லிம் ஒருவர்க்குப் பன்றியோ என்னும் ஐயம் இருக்கலாம். 1995-இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் கருத்தரங்கு, தன்மை முற்றிலும் மாறிய பொருள் தூய்மையானதாகக் கொள்ளப்படலாம் எனப் பரிந்துரைத்தது. எல்லா அறிஞரும் அதனை ஏற்றாரில்லை. முடிவு எதுவாயினும், மூலம் இன்னதென்று நோயாளிக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

தோல் கொடையும் இத்தகையதே. பம்பாய் சயான் மருத்துவமனையில் 2000-இல் தோல் வங்கி தொடங்கப்பெற்றது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் மேல்தோலின் மெல்லிய படலம் மட்டும் எடுக்கப்படுகிறது. அது பெருந்தீக்காயம் உற்றவர்க்குத் தற்காலிக மேலாடையாகி உயிர் காக்கிறது. 1988-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு கழகம் இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறுதலை நிபந்தனைகளுடன் ஏற்றது. இந்திய ஆலிம்களிடையே மாறுபட்ட தீர்ப்புகளும் உள்ளன. ஆதலின் பெரியோரையும் ஆலிம்களையும் மருத்துவர்கள் முன்கூட்டியே சந்தித்து உரையாடுவது நன்று. இறப்பு நிகழ்ந்த வீட்டில், அழுகையின் நடுவே, இதனைத் தொடங்கலாகாது.

மதுரை காட்டும் வழி

இவ்வாறு கேட்டறிந்து செயற்படுதற்கு மதுரையிலேயே முன்மாதிரி உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவை இலவசம் என்றபோதும் பலர் வாராமையைக் கண்டது. வழிச்செலவும் உணவும் துணைக்கு ஆளின்மையும் அச்சமும் தடையாயின எனக் கேட்டறிந்தது. ஊர்ப் பெரியோரின் துணையோடு முகாம் நடத்தி, பேருந்தும் உணவும் அளித்தது. 1992-இல் ஆரோலேப் வழியாகக் கண்ணுள் வைக்கும் வில்லையை இங்கேயே செய்து விலையையும் குறைத்தது. கண்ணுக்கு இயன்றது தோலுக்கும் இயலும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறிகள், ஆய்வை மதிப்பிடும் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமக்களுள் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்கின்றன. அவ்விருக்கையில் அமர்பவர் வாய்திறந்து கேட்பவராக இருத்தல் வேண்டும். நம் சமுதாயப் பெரியோர் அதற்கு முன்வருதல் தகும்.

தமிழ் மாணவர்க்கும் இதில் பணி உண்டு. ஒப்புதல் படிவங்கள் பல, ஆங்கிலத்தின் நிழலாகவே உள்ளன. கல்லாதவர் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழில் அவற்றை எழுதித் தரலாம். எரிச்சல், காந்தல், கடுப்பு, குத்தல், விண்விண்ணெனத் தெறித்தல், நமைச்சல் என வலிக்கு நம் மக்கள் வழங்கும் சொற்கள் பல. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையைச் சுட்டுவன. இவற்றைத் தொகுத்து மருத்துவர் கையில் அளிப்பின், நோயாளி தன் நிலையை உரைப்பதற்கு அதனினும் சிறந்த துணை இராது.

முடிவுரை

உருளைத் தோலும் வாழையிலையும் தேனும் கொல்லாஜனும் தீர்ப்பவன், மருந்து என்னும் இரு கூறுகளில் நம் நாடு பின்தங்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. உற்றவனும் உழைச்செல்வானும் இன்னும் போதிய அளவு கேட்கப்படவில்லை. நான்கும் கூடியதே மருத்துவம் என்றால், இரண்டு குறைந்தது அரை மருத்துவமே. எஞ்சிய பாதியை நிறைவு செய்வது மருத்துவர் ஒருவரால் மட்டும் ஆகாது. கேட்பவராக மருத்துவரும், சொல்பவராக நோயாளியும், சொல்லைத் தெளிவாக்குபவராகத் தமிழ் கற்றோரும், ஐயம் தீர்ப்பவராகப் பெரியோரும் ஒருங்கே அமர்வோமாயின், இன்ஷா அல்லாஹ், அப்பணி நம் வட்டாரத்திலேயே நிறைவேறும்.