பாடத்தாளைப் பகிரும் முறை



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 8ஆம் நாள் முதல் சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தது. ஆசிரியரின் பாடத்தாள் கைபேசியில் வந்து சேரும் வழக்கம் அன்று வீடுதோறும் பரவி, இன்றும் நிலைத்திருக்கிறது.

"இது ஆசிரியர் காரியம், வியாபாரிக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். மாலை வகுப்புக்குப் பொருள் தருகிறவர்கள் நாம். அங்கே படிப்பவர்களும் நம் பிள்ளைகளே. ஆகையால் இதன் நடைமுறையை நாமும் அறிவது அவசியம்.

பாடத்தாளை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஆளுக்கொரு பிரதி அனுப்புவது. மூன்றாம் கணக்கில் பிழை இருந்தால், ஆசிரியர் திருத்திய பிறகும் நாற்பது பிள்ளைகளிடம் பழைய பிரதியே இருக்கும். விலை மாறிய பின்னும் பழைய விலைப்பட்டியல் ஊரெங்கும் சுற்றுவது போன்றது இது.

இரண்டாவது, மூலத்தை ஓரிடத்தில் வைத்து, அங்கே செல்லும் இணைப்பை மட்டும் கொடுப்பது. 2006இல் வந்த கூகுள் டாக்ஸ் இவ்வகையானது. இது கடைவாசலில் தொங்கும் விலைப்பலகைக்குச் சமம்; ஒருமுறை திருத்தினால் யாவரும் புதியதையே காண்பர்.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அதில் மூன்று விதமான அனுமதி உண்டு: பார்க்க மட்டும், குறிப்பு எழுத, திருத்த. திருத்தும் அனுமதியை எல்லோருக்கும் கொடுப்பது, பேரேட்டையும் பேனாவையும் தெருவில் வைப்பதாகும். பாடத்தாளுக்குப் பார்க்கும் அனுமதி போதும். பிள்ளைகள் விடை எழுத வேண்டுமானால், 2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பிரதி கொடுக்கும் வசதி இருக்கிறது.

மதிப்பெண் பட்டியல் விஷயம் வேறு. "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று அதை வைத்தால், இணைப்பு கைமாறிக் கைமாறி ஊரார் பார்வைக்குப் போய்விடும். நம் கடன்காரர் பெயரையும் தொகையையும் கடைச் சுவரில் ஒட்டுவோமா? குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் மானமும் அப்படிப்பட்டதே. அந்தந்தப் பெற்றோருக்கு அவரவர் பிள்ளையின் விவரம் மட்டுமே போய்ச் சேர வேண்டும்.

தமிழில் எழுதுவோர் யூனிகோடு எழுத்தையே உபயோகிக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் புரியாத குறிகளாகத் தோன்றும். அச்சிட வேண்டிய தாளானால், எழுத்துருவையும் உள்ளடக்கி பி.டி.எஃப். ஆக மாற்றி வைப்பது நலம்.

இன்னொன்று. கடையில் விற்கும் பயிற்சி நூலை அப்படியே படம் பிடித்துப் பரப்புவது, நூலாசிரியரின் உழைப்பையும் புத்தக வியாபாரியின் பிழைப்பையும் கெடுக்கும். தாமே தயாரித்த பாடத்தைப் பிறர் பயன்படுத்தலாம் என்று விரும்புகிற ஆசிரியர், 2002இல் ஏற்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றை அதில் குறிப்பிடலாம். எடுத்துக்கொள்பவர் ஆசிரியரின் பெயரைச் சொல்வது அவ்வுரிமங்களில் வழக்கமான நிபந்தனை.

ஆகவே, வகுப்பு நடத்துவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். மூலம் யாரிடம் இருக்கிறது? பார்ப்பவர் யார்? திருத்துபவர் யார்? பேரேட்டைக் காக்கத் தெரிந்த நமக்கு, நம் பிள்ளைகளின் ஏட்டைக் காப்பது கடினமல்ல.